கடலுக்கு எழுதிக் கொடுத்த ஆறு மீட்டர்

முத்தாடிக்குப்பத்துக் கடல், கரையில் நட்டிருந்த பன்னிரண்டு கற்களுக்கு அந்தப் பக்கமே நின்றுபோனது ஒரு புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்கு. அதே நேரத்தில்தான், அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் உள்ளே, பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சித் திட்டப் பிரிவில், கண்காணிப்பாளர் தில்லைநாயகி ஒரு புதிய ஃபைலுக்கு எண் போட்டு, பதிவேட்டில் ‘திட்டம் தொடங்கிய நாள்’ என்ற கட்டத்துக்குள் அன்றைய தேதியை எழுதினாள்.

இரண்டும் ஒன்றாக நடந்தன என்பது அவளுக்குத் தெரியவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இருபத்தெட்டு வருஷமாக அவள் அந்தப் பிரிவில்தான் இருந்தாள். வெளியிலிருந்து நிதி வாங்கி ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்களுக்கு ஆள் எடுக்க ஓர் ஆணை, கருவி வாங்க ஓர் ஆணை, வருஷம் திரும்பினால் தொடர ஓர் ஆணை, மூன்று வருஷம் முடிந்தால் மூட ஓர் ஆணை என்று எல்லாவற்றையும் தட்டச்சு செய்யவைத்து, பதிவாளரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புவது அவள் வேலை. தவளைகளைப் பற்றிய திட்டம் வந்திருக்கிறது, தறிக்காரர்களின் நுரையீரலைப் பற்றிய திட்டம் வந்திருக்கிறது, உவர்நிலத்தில் விளையும் நெல்லைப் பற்றிய திட்டம் இரண்டு முறை வந்திருக்கிறது. எந்தத் திட்டத்தின் தவளையையும் அவள் நேரில் பார்த்ததில்லை.

இந்தத் திட்டம் நிலவியல் பேராசிரியர் அமிர்தகடேசனுடையது. கடல் வருஷத்துக்கு எவ்வளவு தூரம் கரையைத் தின்கிறது என்று அளப்பது. அதற்கு முத்தாடிக்குப்பத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. இருபது வருஷத்தில் அங்கே நான்கு வரிசை வீடுகள், இரண்டு தென்னந்தோப்புகள், வலைக்கூடம், அம்மன் கோயிலின் முன்மண்டபம் எல்லாம் கடலுக்குள் போயிருந்தன. மிச்சமிருந்த மூன்று வரிசையில் முன்வரிசைக்கு முன்னால், அலை வந்து திரும்பும் இடத்தில், பேராசிரியர் முன்கூட்டியே பன்னிரண்டு கருங்கற்களை நேர்கோட்டில் நட்டு, சிவப்புப் பெயின்ட்டால் எண் எழுதினார். ஏழாம் கல்லுக்கு நேரெதிரே வீடிருந்த கோமளவல்லியைக் களப்பணியாளராக எடுத்தார். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள், விசைப்படகில் போன புருஷன் ஐந்து வருஷமாகத் திரும்பாதவள். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் டேப்பைப் பிடித்துக் கல்லிலிருந்து கடல்வரை அளந்து நோட்டில் எழுதவேண்டும். கடல் கல்லைத் தாண்டினால், தாண்டிய தூரத்தை எழுதவேண்டும்.

கடல் தாண்டவில்லை. ஆடியில் தாண்டவில்லை, அமாவாசைக்குத் தாண்டவில்லை. ஐப்பசியில் புயல் கரையைக் கடந்த மத்தியானம், தென்னை உயரத்துக்கு எழுந்த அலை ஒன்று ஊரை நோக்கி வந்து, பன்னிரண்டு கற்களுக்கு மேலே அப்படியே நின்று, நுரை காற்றில் பிய்ந்து பறக்க, உள்ளே மீன்கள் புரள்வது ஜன்னலில் தெரிவதுபோலத் தெரிய, எவ்வளவு நேரமோ நின்றுவிட்டு, உட்கார இடமில்லாத விருந்தாளிபோலப் பின்வாங்கிப் போனது. முன்வரிசை வாசலில் காயப்போட்டிருந்த கருவாடு நனையவில்லை.

குப்பத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை.

“கவர்மென்ட்டு கல்லு. எங்க நிக்கணும்னு எழுதிப் போட்டிருக்குது, நிக்குது,” என்றார் ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவர் எல்லப்பன். அதோடு பேச்சு முடிந்தது.

கற்களுக்கு மஞ்சள் பூசினார்கள். எண் மறைகிறது என்று பேராசிரியர் ஆட்சேபித்தார். எண்ணுக்குக் கீழே பூசினார்கள். கடல் தின்னும் ஊருக்குப் பெண் தரமாட்டோம் என்றிருந்த வெளியூர்க்காரர்கள் பெண் தந்தார்கள். படகைக் கரைமேல் இழுத்துப் போடும் வழக்கம் நின்றது. வீட்டைக் கல்லுக்கு மூன்றடிவரை இழுத்துக் கட்டினார்கள். அலை வந்து முகத்துக்கு நேரே நிற்க, இந்தப் பக்கம் நின்று பிள்ளைகள் அதற்கு நாக்கைத் துருத்தினார்கள். பக்கத்துக் குப்பத்து ஆட்கள் நாலு பேர் வந்து ஒன்பதாம் கல்லைத் தோண்டி எடுத்துக்கொண்டுபோய்த் தங்கள் ஊரில் நட்டுப் பார்த்தார்கள். அங்கே அது வெறும் கல்லாக இருந்தது. மூன்றாம் நாள் அலை அதை உருட்டிக்கொண்டு போனது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். “எங்க ஊரையும் உங்க நோட்டுல சேர்த்துக்கச் சொல்லேம்மா,” என்று கோமளவல்லியிடம் கெஞ்சிவிட்டுப் போனார்கள். தில்லைநாயகி காரணம் கேட்காமல் புதுக்கல்லுக்கு ஓர் ஆணை போட்டாள்.

இதையெல்லாம் கோமளவல்லி மாதம் ஒருமுறை வருகைப்பதிவைக் கொடுக்க வரும்போது, தில்லைநாயகியின் மேஜைக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து சொல்வாள். தில்லைநாயகி தலையாட்டிக்கொண்டே அடுத்த ஃபைலைப் பிரிப்பாள். கடற்கரைக்காரர்கள் கதை சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் வருஷம் முடிந்தது. இரண்டாம் வருஷத்துக்குத் தொடரலாம் என்று டெல்லியில் நிதி தரும் குழு கடிதம் அனுப்பியது. அதை வைத்துப் பல்கலைக்கழகம் ஓர் ஆணை போடவேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த வாரம் ஓசூரில் இருந்த மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. தில்லைநாயகி கடிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். குழந்தை பிறந்து, மஞ்சள்காமாலை கண்டு, விளக்குக்குக் கீழே கிடந்து தேறியது. அவள் திரும்பிவந்து அலமாரியைத் திறந்து ஆணை போட்டபோது, பழைய திட்டக்காலம் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

அந்த மாதம் கோமளவல்லி முக்காலியில் உட்காரவில்லை. கை இரண்டிலும் மணல் அராவிய காயம்.

“நீங்க லீவுலயாம்மா இருந்தீங்க?” என்று கேட்டாள்.

“ஆமா, பொண்ணுக்குப் பிரசவம். ஏன் கோமளா?”

“ஒண்ணுமில்லம்மா. என்ன குழந்தை?”

“பையன்.”

“நல்லா இருக்கட்டும்,” என்றாள். அப்புறம் நோட்டைப் பிரித்துக் காட்டினாள். திட்டம் முடிந்த மறுநாள் காலையிலிருந்து, நாளுக்கு ஓரடி. பதினோரு நாளில் பதினோரடி. கல்லைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ஏழாம் கல்லுக்கு எதிரே இருந்த வீட்டின் அடுப்படியை எடுத்துக்கொண்டு, கட்டிப்போட்டிருந்த இரண்டு ஆட்டை எடுத்துக்கொண்டு, ஆட்டை அவிழ்க்கப் போனவளையும் இழுத்துப் பார்த்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் மூன்றரை மணிக்கு எதுவும் நடக்காததுபோலக் கல்லுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. பன்னிரண்டாம் நாள் மூன்றரை மணிக்குத்தான் பதிவாளர் கையெழுத்துப் போட்டார். தில்லைநாயகிக்கு அது நினைவிருந்தது, ஏனென்றால் அவர் டீ குடித்துக்கொண்டே போட்டார்.

அன்றைக்கு அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அந்தப் பதினோரு நாள் அளவுகளை அறிக்கையில் சேர்க்கலாமா என்று பேராசிரியர் எழுதிக் கேட்டார். அந்த நாட்களில் திட்டமே இல்லாததால் அந்த நாட்களில் எடுத்த அளவுகளும் இல்லை என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலையும் தில்லைநாயகிதான் தட்டச்சு செய்யக் கொடுத்தாள்.

அதன்பின் வருஷம் திரும்பும் சமயத்தில் அவள் விடுப்பு எடுப்பதில்லை. பேரனுக்கு முடியிறக்கியபோது போகவில்லை. மகள் நான்கு மாதம் போனில் பேசவில்லை. மூன்றாம் வருஷத்துக்கான ஆணையை, பழைய தேதி முடிய இரண்டு நாள் இருக்கும்போதே, பதிவாளர் வீட்டு வாசலில் காத்திருந்து வாங்கினாள். கடல் ஓர் அங்குலம் நகரவில்லை.

நகராததுதான் வினையாகப் போயிற்று. மூன்றாம் வருஷக் கடைசியில் டெல்லிக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. ஆய்வுப் பகுதியில் கரையோர மாற்றம் ஏதும் காணப்படாததால் திட்டத்தை நீட்டிக்க அவசியம் எழவில்லை. திட்டக்காலம் முடிவதற்குள் குறைந்தது ஆறு மீட்டர் மாற்றம் பதிவாகியிருந்தால் மட்டும் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம்.

பேராசிரியர் அமிர்தகடேசன் அந்தக் கடிதத்தோடு பிரிவுக்கு வந்து, நாற்காலியில் அமர்ந்து, வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். மூன்று வருஷத்தில் அவருக்கு வயது ஏறியிருந்தது. கருத்தரங்குகளில் அவருடைய வரைபடத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தில்லைநாயகி கேள்விப்பட்டிருந்தாள்.

“இவ்வளவு நேரான கோட்டை நான் ஜென்மத்துல வரைஞ்சதில்லை மேடம்,” என்றார். “அளக்கறதனாலதான் நிக்குதுன்னு நான் எந்தப் பத்திரிகையில எழுத முடியும்?”

“மூடிட்டா என்ன ஆகும் சார்?”

“மூணு வருஷம் நின்ன கடல். நாளுக்கு ஒரு அடியோட விடுமா?”

அந்தச் சனிக்கிழமை காலை தில்லைநாயகி முதல்முறையாக முத்தாடிக்குப்பத்துக்குப் பஸ் ஏறினாள். கல்லுக்கு முன்னால் வந்து நின்று திரும்பும் கடலைப் பார்த்தாள். தன் எழுத்து ஒன்று காகிதத்தைவிட்டு எழுந்துபோய் வெயிலில் நிற்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது. பெருமையாக இல்லை.

மீன் ஏலம் போடும் கொட்டகையில் ஊர் கூடியது. அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கடிதத்தில் இருந்ததை அவள் மறைக்காமல் சொன்னாள்.

“அப்ப ஆறு மீட்டர்னு எழுதிடுங்க,” என்றான் முன்வரிசையில் ஒருவன். “காகிதம்தானே. யாரு வந்து பாக்கப்போறா?”

எல்லப்பன் தலையை ஆட்டினார். “எழுதினா வரும்டா. எழுதினதாலதானே இத்தினி நாளு நின்னுச்சு.”



“கடல் பின்னாடி போயிடுச்சுன்னு எழுதினா?” என்று ஒரு பெண் கேட்டாள். “அதுவும் மாத்தம்தானே?”

“பின்னாடி போனா ஊருக்கு ஆபத்தில்லைன்னு உடனே மூடிருவாங்கம்மா,” என்றாள் தில்லைநாயகி. “மூடின மறுநாள் எல்லாம் சேர்ந்து வரும்.”

பிறகு பேரம் தொடங்கியது. மீனுக்குப் பேசுவதுபோலத்தான் பேசினார்கள். நாலு மீட்டருக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்களா? ஐந்துக்கு? மாட்டார்கள். ஒருவன் எழுந்துபோய் ஆறு மீட்டரை அடிகளால் அளந்துவிட்டு வந்தான். முன்வரிசையின் ஒன்பது வீடும் போகும்; இரண்டாம் வரிசையின் வாசலில் அலை நிற்கும்.

“ஒம்பது வூடு போனா அறுவது வூடு நிக்கும்,” என்றான் இரண்டாம் வரிசைக்காரன் கதிர்காமன். அவன் குரல் பெரிய குரல். “கணக்கு அவ்ளோதான். இதுல பேச என்னா இருக்குது?”

“உன் வூடா இருந்தா பேச இருக்கும்,” என்றாள் கோமளவல்லி.

“என் வூடா இருந்தா நான் குடுத்துட்டுப் போவேன்.”

“எங்க போவ? ஒம்பது வூட்டுக்கு எடம் யாரு தர்றா? நீ தர்றியா, உன் தோட்டத்துல?”

கதிர்காமன் குனிந்து மணலைப் பார்த்தான். பின்வரிசைக்காரர்களும் மணலைப் பார்த்தார்கள். கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். ஒன்பது வீட்டாரைத் தவிர எல்லாக் கைகளும், சில கைகள் தயங்கித் தயங்கி, மேலே போயின. எல்லப்பனின் கைதான் கடைசி. கூட்டம் கலைந்த பிறகு கோமளவல்லி நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு தில்லைநாயகியின் முன்னால் வந்து நின்றாள்.

“நோட்டுல எழுதுறது நானும்மா. மூணு வருஷமா உள்ளதைத்தான் எழுதினேன். இப்ப ஆறுன்னு எழுதி, என் வூட்டுக்குள்ள கடலை நானே கூப்புட்டு வரணுமா?”

“நான் எழுதறேன் கோமளா. நீ எழுத வேண்டாம்.”

“உங்க எழுத்தும் என் எழுத்தும் வேற வேற. தெரிஞ்சுபோவும்.” கடலைத் திரும்பிப் பார்த்தாள். “பதினஞ்சு நாளு குடுங்க. வூட்டைப் பிரிச்சு எடுத்துக்கிறோம்.”

திட்டக்காலம் முடியப் பதினெட்டு நாள் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தில்லைநாயகி வேண்டுமென்றே ஒரு ஃபைலைத் தள்ளிப்போட்டாள். பதினைந்து நாளும் குப்பத்தில் கதவுகளைக் கழற்றும் சத்தம், ஜன்னல் சட்டத்தைப் பெயர்க்கும் சத்தம். ஊருக்குப் பின்னால் சவுக்குத்தோப்பின் ஓரத்தில் தார்ப்பாய்க் கொட்டகைகள் எழுந்தன. பின்வரிசைக்காரர்கள் சோறு அனுப்பினார்கள், சாமான் தூக்க ஆள் அனுப்பினார்கள். ஆனால் இடம் யாரும் தரவில்லை.

பதினாறாம் நாள் நோட்டு வந்தது. ஏழாம் கல்லுக்கு நேரே ‘ஆறு மீட்டர்’ என்று எழுதியிருந்தது, தெளிவாக, ஓர் அடித்தல் இல்லாமல். பேராசிரியர் இறுதி அறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ் மேடம். ஒரு பொய்யில கையெழுத்துப் போட்டதில்லை.”

“நீங்க போட்டதும் அது உண்மையாயிடும் சார்,” என்றாள் தில்லைநாயகி.

“அப்ப நான் ஆராய்ச்சிக்காரன் இல்லையே. வேற என்னமோ.”

 தன்னை என்னவென்று சொல்லிக்கொள்வது என்று தில்லைநாயகிக்கும் தெரியவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். அவள் ஃபைலை எடுத்துக்கொண்டு பதிவாளர் அறைக்குப் போனாள். அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே, எந்தப் பக்கம் என்று விரலால் கேட்டு, அவள் காட்டிய இடத்தில் போட்டார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது.

தாழ்வாரத்துக்கு வந்து கோமளவல்லிக்குப் போன் செய்தாள். மணியடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபின் முதலில் கேட்டது தண்ணீரின் சத்தம் மட்டும். அலையடிக்கும் சத்தம் இல்லை; குளிக்கும் அறையில் தொட்டி நிரம்பி வழிவதுபோல ஒரு சின்னச் சத்தம்.

“கோமளா?”

“வந்துடுச்சும்மா.”

“எப்படி வந்தது?”

“சும்மா வந்துச்சு. கோவமே இல்ல. செவுரெல்லாம் ஒண்ணொண்ணா உக்காருது, நனைஞ்ச ரொட்டி மாதிரி.” நின்று மூச்சு வாங்கினாள். “இப்ப நின்னுடுச்சு.”

“எங்க நிக்குது?”

“எழுதின எடத்துலதான்.”

போனை வைத்தபின் தில்லைநாயகி தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். மாணவர்கள் சிரித்துக்கொண்டே அவளைச் சுற்றிப் போனார்கள். ஒரு பெண் மட்டும் நின்று, “தண்ணி வேணுமா மேடம்?” என்று கேட்டாள். வேண்டாம் என்று கையசைத்தாள்.

நாற்பது நாள் கழித்து டெல்லியிலிருந்து நீட்டிப்பு ஆணை வந்தது. அந்த நாற்பது நாளும் கடல் காத்திருந்தது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது திட்டம் நடப்பதாகவே கருதப்படும் என்று ஒரு பழைய விதியைத் தில்லைநாயகி தேடி எடுத்து ஃபைலில் மேற்கோள் காட்டியிருந்தாள். ஆணையில் குழு மகிழ்ச்சி தெரிவித்திருந்தது. முடிவுகள் மிகவும் பயனுள்ளவை. மேலும் இரண்டு வருஷம். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அவள் அதை மூன்று முறை படித்தாள்.

தபாலில் அனுப்பியிருக்கலாம். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவளே கொண்டுபோனாள்.

இரண்டாம் வரிசை இப்போது முன்வரிசை. அதன் வாசலில் அலை வந்து வந்து நின்றது. பழைய கற்கள் பன்னிரண்டும் இடுப்பளவுத் தண்ணீரில் தலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றன. கோமளவல்லி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏழாம் கல்லில் டேப்பின் நுனியை மாட்டிவிட்டுக் கரைக்கு வந்துகொண்டிருந்தாள். தில்லைநாயகியைப் பார்த்ததும் ஒரு தாய் தன் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். எல்லப்பன் எழுந்து கும்பிட்டார், ஆனால் வாங்க என்று சொல்லவில்லை. அவர் கண் அவள் கையிலிருந்த காகிதத்தில் இருந்தது.

“படிங்கம்மா,” என்றார்.

ஆட்கள் கூடினார்கள். அவள் படித்தாள். மகிழ்ச்சி தெரிவித்ததைப் படித்தாள், இரண்டு வருஷம் என்பதைப் படித்தாள். யாரோ ஒருவர் கை தட்டினார். அந்த இடத்தில் அவள் குரல் நின்றது.  காகிதத்தை மடிக்க நினைத்தாள்.

பின்னால் ஈரப்புடவையோடு வந்து நின்ற கோமளவல்லி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, மிச்ச வரியைத் தானே உரக்கப் படித்தாள்:

“கடல் வருஷத்துக்கு இரண்டு மீட்டர் வீதம் நகர்வது உறுதியாகியிருப்பதால், திட்டக்காலம் முழுவதும் இதே வீதம் தொடரும் என எதிர்பார்க்கப்படுகிறது.”

கையெழுத்துப் போட்டுத்தான் வந்திருந்தது. யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. வருஷத்துக்கு இரண்டு மீட்டர். இந்த வருஷம் வாசலும் முன்னறையும், அடுத்த வருஷம் அடுப்படி. கூட்டம் சத்தமில்லாமல் கதிர்காமனின் பக்கம் திரும்பியது. அவன் பெரிய குரல் எங்கேயோ போயிருந்தது. தன் வீட்டைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். ஏணியைச் சுவரில் சாத்திக் கூரைமேல் ஏறினான். முதல் ஓட்டை உருவி எடுத்தவனுக்கு அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. ஓட்டோடு கூரைமேல் நின்றான்.

கோமளவல்லி நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போய் ஏணியில் இரண்டு படி ஏறிக் கையை நீட்டினாள். அவன் கொடுத்தான். அவள் வாங்கித் திரும்பினாள். கீழே ஆள் இல்லை. மற்றவர்கள் இன்னும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

தில்லைநாயகி ஆணையை மணலில் வைத்து, காற்றில் பறக்காதபடி அதன்மேல் தன் கைப்பையை வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். ஏணிக்குக் கீழே போய் இரண்டு கையையும் மேலே நீட்டினாள். ஓடு அவள் நினைத்ததைவிடக் கனமாக, வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது.

“எங்க வைக்கிறது?” என்று கேட்டாள்.

“என் கொட்டாய்க்குப் பக்கத்துல,” என்றாள் கோமளவல்லி. “எடம் இருக்குது.”